'ஹெல்ப்' போதுமா, 'அசிஸ்ட்' வேண்டுமா?

ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்கு ஒரே இடத்தில்தான் கை நிற்கும். உதவி கேட்க வேண்டும், 'ஹெல்ப்' என்று மனதில் வருகிறது, ஆனால் மேலதிகாரிக்கு எழுதும்போது இவ்வளவு சாதாரணமாக எழுதலாமா என்று தயங்கி அதை 'அசிஸ்ட்' ஆக்குகிறோம். அதே வேகத்தில் 'பை' பர்சேஸ் ஆகிறது, 'ஸ்டார்ட்' கமென்ஸ் ஆகிறது, 'டெல்' இன்டிமேட் ஆகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான இடங்களில் முதலில் மனதில் வந்த அந்தச் சின்னச் சொல்தான் சரி. கனமான சொல்லுக்கும் இடம் உண்டு, ஆனால் அதை எடுக்க ஒரு காரணம் வேண்டும், 'எழுத்து என்றால் அப்படித்தான்' என்பது காரணம் ஆகாது.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 1066ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் மேல்தட்டிலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது, தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது, வயலிலும் வீட்டிலும் வேலை செய்த ஜனங்கள் பேசியது பழைய ஆங்கிலம். 'பிகின்', 'ஆஸ்க்', 'ஹெல்ப்', 'பை' எல்லாம் அந்த ஜனங்களின் சொற்கள். 'கமென்ஸ்', 'பர்சேஸ்' போன்றவை பிரெஞ்சு வழியாக வந்தவை. யார் பேசிய மொழியிலிருந்து வந்ததோ அவர்களுடைய தோரணை அந்தச் சொல்லில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிலுக்கு ஆங்கிலத்தில் 'லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்கிறார்களே, அதில் 'வில்' மண்ணின் சொல், 'டெஸ்டமென்ட்' லத்தீன். சட்ட ஆங்கிலத்தில் இப்படி இரட்டையாக வரும் தொடர்கள் நிறைய உண்டு.

சரி, இது ஆங்கிலேயர்களுக்கும் உள்ள பிரச்சினைதானே, நாம் மட்டும் ஏன் எப்போதும் கனமான பக்கமே சாய்கிறோம்? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள், இரண்டும் தமிழிலிருந்து வருபவை.

முதலாவது, நம் மொழியில் எழுத்து வேறு, பேச்சு வேறு. 'வந்துகிட்டு இருக்கேன்' என்று பேசுபவர் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்றுதான் எழுதுவார். வினை முடிவு மாறும், ஒலி மாறும், சில சமயம் சொல்லே மாறும். சின்ன வயதிலிருந்து இதில் ஊறியதால் ஆங்கிலத்திலும் எழுத்துக்கென்று ஒரு தனி மொழி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒன்று அங்கே இல்லை. பேச்சில் 'டோன்ட்' என்பது எழுத்தில் 'டூ நாட்' ஆகலாம், 'கிட்ஸ்' என்பது 'சில்ரன்' ஆகலாம், ஆனால் 'பை', 'ஹெல்ப்', 'ஸ்டார்ட்', 'டெல்' போன்ற ஆயிரக்கணக்கான சொற்கள் காபிக் கடைப் பேச்சிலும் வரும், பிரதமரின் அறிக்கையிலும் வரும். அதாவது ஃபார்மல், இன்ஃபார்மல் என்று இரண்டு கட்சி மட்டும் இல்லை, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. நாம் மறந்துவிடுவது அந்த நடுக் கூட்டத்தைத்தான்.

இரண்டாவது காரணம் மரியாதை. தமிழில் ஒரு 'நீங்கள்' போட்டுவிட்டால், 'அனுப்புங்க' என்று அந்த 'ங்க'வைச் சேர்த்துவிட்டால், மரியாதை முடிந்தது, சொல் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் முதலாளிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'யூ'தான். முன்பு 'தௌ' என்று ஒருமை ஒன்று இருந்தது, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பொது வழக்கிலிருந்து மறைந்துபோனது. நமக்கோ 'சென்ட் மீ த ஃபைல்' என்று எழுதும்போது 'ஃபைலை அனுப்பு' என்று ஒருமையில் பேசுவது போலவே காதில் விழுகிறது, உடனே அந்தக் குறையை நிரப்ப 'ரெஸ்பெக்டட் சார்', 'கைண்ட்லி', 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் ஆங்கிலத்தில் மரியாதை சொல்லின் கனத்தில் இல்லை, வாக்கியத்தின் வடிவத்தில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. 'கைண்ட்லி சென்ட் த ரிப்போர்ட் பை டுமாரோ' என்ற வாக்கியத்தையும் 'குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட் பை டுமாரோ?' என்ற வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அதிக ஃபார்மல், இரண்டாவது சாதாரணம். ஆனால் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உட்கார்ந்து படிப்பவருக்கு இரண்டாவதுதான் மரியாதையாகத் தெரியும். அது கேள்வி வடிவத்தில் இருக்கிறது, 'முடியாது' என்று சொல்ல எதிராளிக்கு இடம் விடுகிறது. 'கைண்ட்லி' எவ்வளவு பணிவாக நமக்குப் பட்டாலும் வாக்கியம் கட்டளைதான், அதிலும் பழைய கால அறிவிப்புப் பலகை வாடை அடிக்கும் கட்டளை. 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' இன்னும் மோசம், அதில் கேட்பவர் யாரென்றே தெரியாது. ஆக 'ஃபார்மலா இன்ஃபார்மலா' என்பது ஒரு கேள்வி, 'பணிவா இல்லையா' என்பது வேறு கேள்வி. 'வுட் யூ மைண்ட்', 'குட் யூ', 'ஐ வாஸ் வண்டரிங் இஃப்' எல்லாம் அன்றாடச் சொற்களால் ஆனவை, பணிவுக்கு இவற்றைவிட நல்ல கருவி கிடையாது. எப்போது எது என்றால், சின்ன வேலைக்குக் 'குட் யூ' போதும், எதிராளிக்கு நிஜமாகவே சிரமம் தரும் உதவியைக் கேட்கும்போது 'ஐ வாஸ் வண்டரிங்' வரைக்கும் போகலாம். தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தரச் சொல்ல அது தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய லீவ் லெட்டர் பலருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்', 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்', கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. அந்த அச்சு வேலைக்குப் போன பிறகும் கூடவே வருகிறது. 'ஐ ஹேவ் எ ஃபீவர், சோ ஐ வோன்ட் பி இன் டுடே' என்று மேனேஜருக்கு எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அலுவலகத்தில் இன்னும் பழைய முறைப்படி விண்ணப்பம் கேட்கிறார்கள் என்றால், குறிப்பாக அரசு அலுவலகம் என்றால், அந்த ஊர் வழக்கப்படியே எழுதுங்கள், அதில் வாதம் வேண்டாம். படிக்கப்போகிறவர் யாரோ அவர் பழக்கம்தான் பெரியது.

கனமான சொல் எழுதினால் படித்தவர் போலத் தெரியும் என்ற நம்பிக்கையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் ஓப்பன்ஹைமர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகளை எடுத்துச் சொற்களுக்குப் பதிலாக நீளமான இணைச்சொற்களைப் போட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். சொற்கள் சிக்கலாக ஆக ஆக எழுதியவரின் அறிவைப் பற்றிய மதிப்பீடு குறைந்தது. அமெரிக்காவில் 2010ல் ஒரு சட்டமே வந்தது, மத்திய அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று. பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கு எழுதுபவர்களுக்கான வழிகாட்டி 'பர்சேஸ்' வேண்டாம் 'பை' போடு, 'அசிஸ்ட்' வேண்டாம் 'ஹெல்ப்' போடு, 'அப்ராக்ஸிமேட்லி' வேண்டாம் 'அபௌட்' போடு என்று பெயர் சொல்லியே கேட்கிறது. ஒரு நாட்டு அரசாங்கமே 'ஹெல்ப்' என்று எழுதும்போது நாம் ஏன் பயப்பட வேண்டும்?

ஆனால் எல்லா ஜோடியும் 'பை', 'பர்சேஸ்' மாதிரி இல்லை. சிலவற்றில் பொருளே வேறு. 'ஆஸ்க்' என்றால் கேட்பது. 'க்வெஸ்டியன்' என்று வினையாகப் போட்டால் சந்தேகப்படுவது அல்லது வரிசையாகக் கேள்வி கேட்பது. 'இன்டெராகேட்' போலீஸ் ஸ்டேஷன் விசாரணை. 'நான் வாடிக்கையாளரை இன்டெராகேட் செய்தேன்' என்று எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார்.

வேலை போன கதையில் இது இன்னும் முக்கியம். 'ஃபயர்ட்', 'சேக்ட்' இரண்டும் பேச்சு வழக்கு, நம் மேல் தப்பு இருந்ததால் அனுப்பினார்கள் என்ற தொனி அதில் இருக்கும். 'லெய்ட் ஆஃப்' என்றால் கம்பெனி ஆள் குறைத்தது, நம் தப்பு ஒன்றுமில்லை. பிரிட்டனில் அதற்கு 'மேட் ரிடன்டன்ட்'. இன்டர்வியூவில் 'ஏன் அந்த வேலையை விட்டீர்கள்' என்று கேட்கும்போது, ஆள் குறைப்பில் போன ஒருவர் கௌரவமாகச் சொல்லலாம் என்று 'ஐ வாஸ் டெர்மினேட்டட்' என்று சொன்னால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறார். கேட்பவர் காதில் அது 'ஃபயர்ட்' என்றே விழும். இங்கே ஃபார்மல் சொல் கெடுக்கிறது, பார்க்கச் சாதாரணமாக இருக்கும் 'லெய்ட் ஆஃப்' காப்பாற்றுகிறது. இந்த ஒரு ஜோடியையாவது நம் ஐடி பிள்ளைகள் நன்றாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். நாமாகவே விலகினால் 'ரிசைன்' என்ற சொல் சரி, 'க்விட்' என்பது கோபித்துக்கொண்டு எழுந்து போன மாதிரி தொனிக்கும், ராஜினாமாக் கடிதத்தில் வேண்டாம். 'புட் டவுன் மை பேப்பர்ஸ்' இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது.

அப்புறம் நம் அலுவலக ஆங்கிலத்தின் பிரபலங்கள். 'டூ த நீட்ஃபுல்', அதாவது 'வேண்டியதைச் செய்யுங்கள்' என்பதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே புழங்கியதுதான், அங்கே வழக்கொழிந்தது, இங்கே நிலைத்தது, அவ்வளவுதான். சென்னையிலிருந்து மதுரைக்கு எழுதும் மெயிலில் அது இருந்தால் ஒன்றும் குடி மூழ்காது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது விட்டுவிடலாம். பழசு என்பதால் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை என்பதால். 'டிக்கெட்டை மூடிவிடுங்கள்', 'இன்வாய்ஸை அப்ரூவ் செய்யுங்கள்' என்று செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதினால் வேலையும் நடக்கும்.

'ரிவர்ட்' கொஞ்சம் ஆபத்தானது. நமக்கும் சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கும் அது 'பதில் போடு'. மற்ற இடங்களில் 'பழைய நிலைக்குத் திரும்பு'. சாஃப்ட்வேர் வேலையில் செய்த மாற்றத்தை நீக்குவதற்கே அதுதான் பெயர். 'நேற்றைய கோட் பற்றி ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதினால் எதிர்முனையில் ஒருவர் நிஜமாகவே கோடை ரிவர்ட் செய்துவிடக்கூடும். 'ரிப்ளை' இருக்கிறது, 'லெட் மீ நோ' இருக்கிறது, இரண்டும் எந்த மெயிலுக்கும் பொருந்தும். 'இன்டிமேட்' அதே கதை, வெளியே அதற்குச் சாடையாகச் சொல்வது என்று பொருள், பெயரடையாக வந்தால் நெருக்கமான உறவு. 'காலேஜிலிருந்து பாஸ்ட் அவுட்' என்றால் வெளிநாட்டுக்காரருக்கு மயங்கி விழுந்த காட்சிதான் தோன்றும், 'கிராஜுவேட்டட்' போதும்.

'ப்ரிபோன்' மட்டும் எனக்குப் பிடித்த சொல், ஆங்கில அகராதிகளே அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. 'போஸ்ட்போன்' இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டாமா? தெரியாதவர்களுக்கு எழுதும்போது பிரிட்டனில் 'பிரிங் ஃபார்வர்ட்', அமெரிக்காவில் 'மூவ் அப்' என்பார்கள். ஆனால் 'மூவ் ஃபார்வர்ட்' என்று எழுதிவிடாதீர்கள். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' செய்துவிட்டார்கள் என்று சொன்னால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் குழப்பத்தைப் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் தேதியையும் எழுதிவிடுவது உத்தமம்.

இப்படி இரண்டு சொல் சேர்ந்து வரும் வினைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'புட் ஆஃப்' இன்ஃபார்மல், 'போஸ்ட்போன்' ஃபார்மல், 'ஃபைண்ட் அவுட்' இன்ஃபார்மல், 'அசர்டெய்ன்' ஃபார்மல் என்று பட்டியல் போட்டுக் கற்றுக்கொடுப்பார்கள். பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். 'கேரி அவுட்', 'செட் அப்' இரண்டும் ஆய்வுக் கட்டுரையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் தாராளமாக வருகின்றன. 'கெட் ரிட் ஆஃப்', 'மெஸ் அப்' போன்றவைதான் எழுத்தில் கூச்சப்பட வைக்கும். 'அசர்டெய்ன்' என்ற சொல்லை வக்கீல் இல்லாத யாரும் எழுதத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கனமான சொல்தான் வேண்டும் என்ற இடங்களும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் 'டெர்மினேட்' என்று இருந்தால் அதை 'எண்ட்' என்று எளிமைப்படுத்தாதீர்கள், அந்தச் சொல்லைச் சுற்றி ஷரத்துகளும் வழக்குகளும் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் 'கெட்' எங்கே வந்தாலும் நிறுத்திப் பாருங்கள், 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'பிகம்' என்று எதைச் சொல்ல வருகிறோமோ அதைச் சரியாகப் போட வேண்டும். இங்கே கனத்துக்காக இல்லை, துல்லியத்துக்காக. 'எ லாட் ஆஃப்' என்பது 'மெனி' அல்லது 'மச்' ஆகட்டும், 'கிட்ஸ்' சில்ரன் ஆகட்டும், 'டோன்ட்', 'கான்ட்' எல்லாம் விரியட்டும், போதும். கட்டுரை முழுவதையும் லத்தீனாக்க வேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்களுக்கு இது மார்க் விவகாரம். ஜெனரல் டிரெய்னிங் தேர்வின் முதல் எழுத்துப் பகுதி குறைந்தது 150 சொற்களில் ஒரு கடிதம், தொனி பொருத்தமாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கச் சொன்னால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியுங்கள், 'டியர் மிஸ்டர்' என்று பெயர் போட்டால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. நண்பருக்குக் கடிதம் என்றால் நம்மவர்கள் அங்கேயும் 'ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கே தொனி போய்விடுகிறது. நண்பனுக்கு 'கெஸ் வாட்' என்று எழுதலாம், 'டோன்ட்' எழுதலாம், எழுத வேண்டும்.

புகார்க் கடிதமும் கனத்தைக் கேட்கும் இடம். வாங்கிய பொருள் உடைந்து வந்தது, பணம் திரும்ப வேண்டும் என்றால் 'ஐ ஆம் ரியலி அப்செட்' என்று எழுதுவதைவிட 'ஐ ரிக்வெஸ்ட் எ ஃபுல் ரீஃபண்ட்' என்று எழுதினால் எதிராளி நிமிர்ந்து உட்காருவார். நேற்று வரை 'ஹாய்' என்று எழுதிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று 'டியர் மிஸ்டர்' என்று ஆரம்பித்தால், வீட்டில் சண்டை போட்ட அன்றைக்கு மட்டும் 'நீ' போய் 'நீங்க' வருகிறதே, அதே விலகல்தான் அது. அதனால் வேண்டுமென்று செய்தால் சரி, தெரியாமல் செய்தால் நன்றாக இருக்கும் உறவு காரணமே இல்லாமல் இறுகிப்போகும்.

மன்னிப்பிலும் துக்கத்திலும் கணக்கு வேறு மாதிரி. 'ஐ ஆம் சாரி' சாதாரணச் சொல், 'ஐ அப்பாலஜைஸ்' ஃபார்மல், 'வி ரெக்ரெட்' அதற்கும் மேலே. மேலே போகப் போக மன்னிப்பு பெரிதாகிறது என்று நினைக்கத் தோன்றும், உண்மையில் 'அப்பாலஜைஸ்' என்பது தவறை ஒப்புக்கொள்கிறது, 'ரெக்ரெட்' பெரும்பாலும் ஒப்புக்கொள்ளாமல் நழுவுகிறது, ரயில் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்கிற மாதிரி. நம் பக்கம் தவறு இருந்து வாடிக்கையாளர் நஷ்டப்பட்டிருந்தால் 'அப்பாலஜைஸ்' எழுதுங்கள், 'ரெக்ரெட்' வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் இழப்பு என்றால் 'ஐ ஆம் சோ சாரி' என்பதே நெருக்கம், 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்' நிறுவனம் அனுப்பும் கடிதத்துக்குப் பொருந்தும். இறந்தார் என்பதற்கு நம் ஊரில் 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வெளியே அதைப் பாலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான் அதிகம் சொல்வார்கள், ஒரு மனிதருக்கு அந்தச் சொல் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தாரிடம் பேசும்போது 'பாஸ்ட் அவே' மென்மை. செய்தியாக எழுதும்போது 'டைட்' என்ற அந்தச் சின்னச் சொல்தான், அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக் கையேடே சுற்றி வளைக்காமல் அதை எழுதச் சொல்கிறது.

எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆங்கிலம் - தமிழ் அகராதி இதற்கு உதவாது, 'பை', 'பர்சேஸ்' இரண்டுக்கும் 'வாங்கு' என்றுதான் போட்டிருக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் வெளியிடும் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்' என்று குறி இருக்கும். 'கமென்ஸ்' தேடினால் ஃபார்மல் என்று வரும், 'கிட்' தேடினால் இன்ஃபார்மல் என்று வரும், 'பை' தேடினால் வாங்குவது என்ற பொருளுக்கு ஒரு குறியும் இருக்காது. குறி இல்லாத சொல் என்றால் மேனேஜருக்கும் எழுதலாம், மாமா பையனுக்கும் எழுதலாம்.